உங்கள் நாணயத்துக்கு எத்தனை மார்க்?

பிள்ளை கணக்கில் எத்தனை மார்க் வாங்கினான் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லி விடுவோம். மாமியாருக்குச் சர்க்கரை எவ்வளவு, பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதும் நமக்கு அத்துப்படி. ஆனால் நமக்கென்று, நம் சொந்தப் பெயரில், 300-லிருந்து 900-க்குள் ஒரு மார்க் போட்டு வைத்திருக்கிறார்களே, அது எத்தனை என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

"எனக்கேது மார்க்? நான் எந்தப் பரீட்சை எழுதினேன்?" என்று நினைக்காதீர்கள். மகளிர் குழுவில் கடன் வாங்கியிருக்கிறீர்களா? வங்கியில் நகை வைத்திருக்கிறீர்களா? ஃபிரிட்ஜோ செல்போனோ தவணையில் எடுத்தீர்களா? மகனின் படிப்புக் கடனில் அவன் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? அப்படியானால் நீங்கள் பரீட்சை எழுதியாகி விட்டது. மார்க்கும் வந்தாகி விட்டது. அந்த மார்க்கைத்தான் 'சிபில் ஸ்கோர்' என்கிறார்கள்.

எங்கள் முசிறிப் பக்கத்தில் கோரைப் பாய் வியாபாரம் செய்யும் ஒரு சகோதரி, இன்னொரு தறி போட வேண்டும் என்று வங்கியில் 2 லட்ச ரூபாய் கடன் கேட்டுப் போனார். மானேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு கடன் நிலுவையில நிக்குதே!" என்றார். இவருக்குத் தலை சுற்றி விட்டது. பத்துப் பைசா யாருக்கும் பாக்கி வைக்காதவர் அவர். வீட்டுக்கு வந்து யோசித்ததில்தான் விஷயம் புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நாத்தனார், "உங்க ஆதார் கார்டைக் கொடுங்க அண்ணி, தவணையெல்லாம் நான் கட்டிடறேன்" என்று இவர் பெயரில் ஒரு டி.வி. எடுத்திருக்கிறார். கடைசி நாலு தவணை நின்று போயிருக்கிறது. டி.வி. நாத்தனார் வீட்டில். பாக்கி இவர் பெயரில்!

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டும்தானா? பெயரைக் கொடுப்பதும் கையெழுத்தைக் கொடுப்பதும் நம் பெண்களுக்கு மஞ்சள் குங்குமம் கொடுப்பது போல் ஆகிவிட்டது. அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நோட்டுப் புத்தகம் மாறி விட்டது

அந்த நாளில் ஒருவருடைய நாணயம் ஊருக்கே தெரியும். மளிகைக் கடைக்காரர் பற்று வரவு நோட்டைப் புரட்டினாலே போதும். யார் முதல் தேதி பிறந்ததும் கணக்கு முடிக்கிறார், யார் தீபாவளி வரை இழுக்கிறார் என்று சொல்லி விடுவார். அதை வைத்துத்தான் அடுத்த மாதச் சாமானும் கிடைக்கும். ஊர் மாறிப் போனால் அந்த நல்ல பெயர் கூடவே வராது. புது ஊரில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது நாடு முழுதுக்கும் ஒரே நோட்டுப் புத்தகம் மாதிரி ஆகி விட்டது. 2000-ஆம் ஆண்டில் சிபில் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 2005-ல் இதற்கென்று ஒரு தனிச் சட்டமே வந்தது. இன்று சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இந்த வேலையைச் செய்கின்றன. முதலில் வந்தது சிபில் என்பதால் எல்லா மார்க்குக்கும் அந்தப் பெயரே நிலைத்து விட்டது. வனஸ்பதி என்று கேட்காமல் டால்டா என்று கேட்கிறோமே, அது போல!

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம், எந்த மாதத் தவணை எந்தத் தேதியில் வந்தது என்பதை இந்த நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். முன்பு மாதம் ஒரு முறை அனுப்பினார்கள். 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அந்த விவரங்களை வைத்துத்தான் மார்க் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான வங்கிகள் முகம் மலர்ந்து பேசும். ஆனால் 'பாஸ் மார்க்' இதுதான் என்று சட்டம் எதுவும் இல்லை; ஒவ்வொரு வங்கியும் தன் இஷ்டப்படி கோடு போட்டுக் கொள்கிறது.

கடனே வாங்காதவர்களுக்கு? அவர்களுக்கு மார்க்கே இருக்காது. 'வரலாறு இல்லை' என்று வரும். அதற்காகப் பயப்பட வேண்டாம். முதல் முறையாகக் கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளி விடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

பெயர் யாருடையதோ, மார்க் அவருடையது

அமெரிக்காவில்கூட 1974-ல் தனிச் சட்டம் வரும் வரை, பெண்கள் சொந்தமாகக் கடன் அட்டை கேட்டால் "கணவர் கையெழுத்து எங்கே?" என்று கேட்கும் வங்கிகள் இருந்தனவாம். நம் ஊரில் இன்று நிலைமை தலைகீழ்! பெண் பெயரில்தான் கடன் சுலபமாகக் கிடைக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள், இருவாரத்துக்கு ஒரு நாள் என்று தெருத் திண்ணையில் கூட்டம் போட்டுத் தவணை வாங்கும் சிறுகடன் முறை நம் திருச்சி வட்டாரத்துக்குப் புதிதா என்ன? திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த கிராம விடியல் நிறுவனத்தை 2016-ல் ஐ.டி.எஃப்.சி. வங்கியே வாங்கிக் கொண்டது. திண்ணைக் கடனும் வங்கிக் கணக்குக்குள் வந்து விட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"குழுக் கடன்தானே, எல்லாருக்கும் பொதுதானே" என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை, சகோதரிகளே. ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து பொறுப்பேற்கும் சிறுகடனில்கூட, கடன் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகவே பதிவாகிறது. சுய உதவிக் குழுக்களிலும் உறுப்பினர்களின் விவரத்தை வங்கிகள் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே கட்டளை போட்டு விட்டது.

ஆகவே பணத்தை யார் செலவழித்தார் என்பது நோட்டில் ஏறாது. உங்கள் குழுக் கடனில் வந்த 40,000 ரூபாய் கணவரின் வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கலாம். தம்பியின் கடைக்குப் போயிருக்கலாம். தவணை தவறினால் குறைவது உங்கள் மார்க். ஜாமீன் கையெழுத்துக்கும் இதே சட்டம்தான். கடன் வாங்கியவர் கட்டாமல் விட்டால் ஜாமீன் போட்டவர் கணக்கிலும் அது தெரியும்.

இதற்காக யாருக்கும் உதவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உறவு என்றால் கொடுக்கல் வாங்கல் இருக்கத்தான் செய்யும். ஆனால் பெயரைக் கொடுத்தால் தவணை அட்டையையும் நம் கையில் வைத்துக் கொள்ள வேண்டும். கடனுக்கு நம் செல்போன் நம்பரையே கொடுக்க வேண்டும். அப்போதுதான் தவணை தவறினால் தகவல் நமக்கு வரும்.

மார்க் எங்கே குறைகிறது?

முதல் காரணம், தேதி தவறுவது. சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் மாதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. 36 மாதம் வரை காட்டுவார்கள். கட்டத்தில் '000' என்றிருந்தால் பாக்கி இல்லை. '030' என்றால் 30 நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் வங்கி அதை வாராக் கடன் வரிசையில் சேர்த்து விடும். பிள்ளைக்கு எடை பார்த்துக் கோடு போடுவார்களே ஆரம்ப சுகாதார நிலையத்தில், அந்த அட்டை மாதிரிதான் இதுவும். ஒரு மாதம் இறங்கினால் உலகம் முழுகி விடாது. தொடர்ந்து இறங்கினால்தான் கவலை.

இரண்டாவது, கிரெடிட் கார்டை விளிம்பு வரை தேய்ப்பது. 50,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று கார்டு கொடுத்தால், மாதா மாதம் 48,000 செலவழிப்பவரைப் பார்த்து, 'இவருக்குக் கை எப்போதும் வறட்சிதான் போலிருக்கிறது' என்று கணக்குப் போடுகிறார்கள். நூற்றுக்கு 30-க்குள், அதாவது 15,000-க்குள் நிறுத்துவது நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்று சீட்டில் இருக்கும். அதைக் கட்டினால் தவணை தவறியதாக ஆகாதுதான். ஆனால் மீதிக்கு மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல்கூட வட்டி ஓடும். அடகுக் கடை வட்டியே தேவலை!

மூன்றாவது, ஒரே சமயத்தில் நாலு இடத்தில் கடன் கேட்பது. ஒவ்வொரு முறை விண்ணப்பம் போடும்போதும் அந்த நிறுவனம் நம் மார்க்கை எடுத்துப் பார்க்கும். அது நோட்டில் ஏறும். ஒரு மாதத்தில் ஆறு ஏழு பேர் பார்த்திருந்தால், 'பணத்துக்கு அலைகிறார்' என்று அர்த்தம் பண்ணிக் கொள்வார்கள்.

நான்காவது காரணம் நாம் எதிர்பார்க்காதது: சில்லறைப் பாக்கி. கடைசித் தவணை கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருப்போம். எப்போதோ ஒரு நாள் தாமதமானதற்கு 590 ரூபாய் அபராதம் நின்று கொண்டிருக்கும். கடன் முடியாமலே கிடக்கும். நூறு ரூபாய் பாக்கியானாலும் நோட்டில் பாக்கி பாக்கிதான்.

முதலில் பார்த்து விடுங்கள்

வைத்தியம் ஆரம்பிக்கு முன் பரிசோதனை வேண்டாமா? 2017 ஜனவரி முதல், நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை நமக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். நான்கு நிறுவனம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒன்றாக முறை வைத்துப் பார்த்தால், வருஷம் முழுதும் காசு செலவில்லாமல் கவனித்துக் கொள்ளலாம். அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், பெயர், பிறந்த தேதி, பான் கார்டு நம்பர், செல்போன் நம்பர் கொடுத்தால் வந்து விடும். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் மகளையோ மகனையோ பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். இணையதளப் பெயரைச் சரிபார்க்காமல், கைப்பேசிக்கு வரும் ஏதோ ஒரு லிங்க்கை அழுத்த வேண்டாம். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

"அடிக்கடி பார்த்தால் மார்க் குறையுமாமே?" என்று ஒரு பயம் நம் பெண்களுக்கு உண்டு. நமது மார்க்கை நாமே பார்ப்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது. 2024 டிசம்பர் கணக்குப்படி நாட்டில் சுமார் 2 கோடியே 70 லட்சம் பெண்கள் தங்கள் மார்க்கைத் தாங்களே கவனித்து வந்தார்களாம். முந்தைய வருஷத்தைவிட இது நூற்றுக்கு 42 அதிகம். நாம் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

அறிக்கை வந்ததும் பேனாவும் கையுமாக உட்காருங்கள். பெயர், பிறந்த தேதி, விலாசம் சரியா? வாங்கிய கடனெல்லாம் இருக்கிறதா? வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா? முடித்த கடன் 'முடிந்தது' என்று காட்டுகிறதா? எந்தக் கட்டத்தில் '000' தவிர வேறு எண் இருக்கிறது? சந்தேகமான இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள்.

தப்பு அவர்களுடையதாக இருந்தால்

நமக்கென்றே வரும் ஒரு சங்கடம் இருக்கிறது: இனிஷியல்! கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து. பின்னால் கணவர் பெயரின் எழுத்து. ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. பான் கார்டிலோ இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயரே நம் பெயரோடு ஒட்டிக் கொண்டிருக்கும். போதாததற்குத் தெருவுக்கு மூன்று செல்வி, நாலு லட்சுமி. ஒரு லட்சுமியின் பாக்கி இன்னொரு லட்சுமியின் தலையில் விழ எவ்வளவு நேரம் ஆகும்? ஆகவே ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கி விடுவது முதல் வேலை.

தப்பான பதிவு இருந்தால், அறிக்கை கொடுத்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. கடன் கொடுத்த வங்கிக்கும் எழுத்து மூலமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். சிபில் நிறுவனம் தன்னிஷ்டத்துக்குப் பதிவை மாற்ற முடியாது. கடன் கொடுத்தவர் 'ஆமாம், தப்புதான்' என்று ஒப்புக் கொண்டு சரியான விவரத்தை அனுப்ப வேண்டும். அதனால் ரசீதுதான் நமக்கு ஆயுதம்.

இதற்கும் கெடு உண்டு. புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். அதற்கு மேல் இழுத்தடித்தால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டு, 2024 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. அப்படியும் நியாயம் கிடைக்கவில்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கும் வக்கீல் வேண்டாம், பீஸும் இல்லை. 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-ல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது நினைவிருக்கும். தள்ளுபடி ஆனவர்கள் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக் கொண்டு, அறிக்கையிலும் கணக்கு முடிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து விடுவது நல்லது.

பாக்கி நிஜமாகவே இருந்தால்

வெட்கப்பட்டு ஒளிந்து கொள்வதில் பயனில்லை. வங்கிக்கு நேரில் போய், "எவ்வளவு பாக்கி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். பல சமயம் நாம் பயந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இங்கேதான் ஒரு பெரிய குழி இருக்கிறது, கவனம்! வசூலுக்கு வருபவர், "அம்மா, 30,000 பாக்கி இருக்கு. 12,000 கட்டுங்க, முடிச்சு விட்டுடறோம்" என்பார். கேட்க இனிப்பாக இருக்கும். இதற்கு 'செட்டில்மென்ட்' என்று பெயர். கட்டியதும் கணக்கு மூடப்படும். ஆனால் நோட்டில் 'முடிந்தது' என்று ஏறாது. 'செட்டில் செய்யப்பட்டது' என்றுதான் ஏறும். அதைப் பார்க்கும் அடுத்த வங்கி, 'முழுசாகக் கட்டாதவர்' என்று படித்துக் கொள்ளும். மருத்துவச் செலவு, தொழில் நஷ்டம் என்று வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது ஒரு கைத்தாங்கல்தான். குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகவாவது முழுத் தொகையும் கட்ட முடியும் என்றால் அதுவே மேல். ஏற்கெனவே செட்டில் செய்தவர்களும், விட்டுப் போன மீதியைக் கட்டி விடுகிறோம், 'முடிந்தது' என்று மாற்றித் தாருங்கள் என்று வங்கியைக் கேட்டுப் பார்க்கலாம்.

எப்படிக் கட்டினாலும் 'பாக்கி எதுவும் இல்லை' என்ற கடிதம் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியவர்கள், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திரும்பப் பெற உரிமை உண்டு. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு. 2023 டிசம்பர் முதல் இருக்கிற விதி இது.

முதலில் சொன்ன பாய் வியாபாரச் சகோதரி என்ன செய்தார் தெரியுமா? நாத்தனாரோடு சண்டை போடவில்லை. இருவரும் சேர்ந்தே போய் முழுப் பாக்கியையும் கட்டினார்கள்; கடிதம் வாங்கினார்கள். ஒரு மாதம் கழித்து அறிக்கையில் 'முடிந்தது' என்று வந்ததைப் பார்த்துக் கொண்டார். பிறகு தன் நகையை வைத்து ஒரு சிறு கடன் வாங்கித் தேதி தவறாமல் அடைத்தார். ஒன்றரை வருஷம் பொறுத்து அதே வங்கியில் தறிக் கடன் கிடைத்தது.

ஏறுமுகம்

"எத்தனை நாளில் மார்க் ஏறும்?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. கணக்குத் தப்பைத் திருத்தினால் அடுத்த ஒன்றிரண்டு மாதத்திலேயே வித்தியாசம் தெரியும். நிஜப் பாக்கியால் இறங்கிய மார்க், ஆறு மாதம் ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டக் கட்ட மெதுவாகத்தான் ஏறும். பழைய தாமதம் அறிக்கையிலிருந்து உடனே மறையாது. புதிய '000'-கள் சேரச் சேர அதன் கனம் குறையும். உடைந்த எலும்பு கூடுவது மாதிரிதான். கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் ஆகாது.

எங்கள் பக்கம் வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வருவதில்லை. வாழைத்தார் வெட்டினால் காசு, கோரை அறுத்தால் காசு. தவணையோ ஐந்தாம் தேதியானால் வாசலில் நிற்கிறது. ஆகவே கையில் காசு வரும்போதே ஒரு தவணைத் தொகையைத் தனியாக வங்கிக் கணக்கில் போட்டு, அதைத் தொடுவதில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். பால் காசு வரும் தேதிக்கு இரண்டு நாள் பின்னால் தவணைத் தேதியை வைத்துத் தரும்படி கடன் வாங்கும்போதே கேட்கலாம். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால், வங்கி ஒரு அபராதமும் கடன் கொடுத்தவர் ஒரு அபராதமும் போடுவார்கள், மார்க்கும் போகும்.

எல்லாக் கடனையும் முடித்து விட்டவர்கள், அல்லது வரலாறே இல்லாதவர்கள், வங்கியில் 10,000, 15,000 என்று வைப்பு நிதி போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கலாம். மாதம் ஒரு தடவை சிலிண்டர் மட்டும் அதில் வாங்கி, சீட்டு வந்ததும் முழுத் தொகையையும் கட்டி விட்டால் நல்ல வரலாறு தானாக வளரும். ஆசை காட்டும் கார்டு என்று தெரிந்தால், இந்த வழியே வேண்டாம். அவரவர் சுபாவம் அவரவருக்குத் தெரியும்.

"5,000 ரூபாய் கொடுங்கள், ஒரே வாரத்தில் 800 மார்க் ஆக்கித் தருகிறோம்" என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். சரியான பதிவை எவராலும் காசு வாங்கிக் கொண்டு அழிக்க முடியாது. தப்பான பதிவைத் திருத்தவோ காசே வேண்டாம். பிறகு எதற்கு அந்த 5,000?

வசூலுக்கு வருகிறவர்கள்

மார்க்கைப் பற்றிப் பேசும்போது மானத்தைப் பற்றியும் பேச வேண்டும். தவணை தவறியது நம் பிழையாகவே இருந்தாலும், வாசலில் நின்று சத்தம் போட எவருக்கும் உரிமை இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி, சிறுகடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக்கூடாது; வசை மொழி கூடாது; உறவினரையோ கூட வேலை செய்பவர்களையோ தொந்தரவு செய்யக்கூடாது. கட்டாயக் கடன் வசூலைத் தடுக்க 2025-ல் நம் சட்டமன்றமும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது.

கொடுப்பதற்கும் அதே 2022-ல் ஓர் எல்லை வகுத்தார்கள். வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்தான் சிறுகடன். அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 16,000 வருகிற வீட்டில் தவணை 8,000-க்குள் இருக்க வேண்டும். நிறுவனம் கணக்குப் பார்க்காவிட்டாலும் நாம் பார்க்கலாமே! ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று ஆரம்பித்தால், ராத்திரித் தூக்கம் போய், ரத்தக் கொதிப்பு வந்து, மார்க்கோடு உடம்பும் கெடும்.

பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்

படிப்புக் கடனில் பெற்றோரும் கடன்தாரராகச் சேர்கிறோம். பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணைக்கு விலக்கு உண்டு. அதற்குப் பிறகு பிள்ளைக்கு வேலை கிடைத்ததோ இல்லையோ, கடிகாரம் ஓட ஆரம்பித்து விடும். வேலை கிடைக்கவில்லை என்றால், பாக்கி விழுவதற்கு முன்பே வங்கிக்குப் போய் அவகாசம் கேட்க வேண்டும்.

மார்க் குறைவு என்பதற்காக மாணவருக்குப் படிப்புக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது ஆறுதலான செய்தி. ஆனால் வேலை விஷயத்தில் கதை வேறு. ஒரு பொதுத்துறை வங்கி வேலைக்குத் தேர்வான இளைஞரின் நியமனத்தை, கடன் கட்டாத வரலாறு இருக்கிறது என்று வங்கி ரத்து செய்தது. கடன்களை அடைத்து விட்டேன் என்று அவர் வாதாடியும், வங்கி செய்தது சரியே என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் பணத்தைக் கையாளும் வேலைக்கு, தன் பணத்தில் ஒழுங்கு வேண்டும் என்பது வாதம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை கைப்பேசிச் செயலியில் 2,000, 3,000 என்று விளையாட்டாகக் கடன் வாங்கினால், அது நாளைக்கு எங்கே வந்து நிற்கும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். அதட்டிச் சொன்னால் மறைப்பான். உட்கார வைத்துச் சொன்னால் கேட்பான்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கடனையும் எழுதுங்கள். குழுக் கடன், நகைக் கடன், தவணைச் சாமான், ஜாமீன் எதையும் விட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தேதி, தொகை, எத்தனை தவணை பாக்கி. கட்டியதும் ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். புதுக் கடன் வாங்கும்போது, மொத்தச் செலவும் வட்டியும் போட்ட முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதைத் தர வேண்டும், அதுவும் நமக்குப் புரியும் பாஷையில். ஆதார் நகல் யாருக்குக் கொடுத்தாலும் அதன் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள்.

வீட்டிலே பால் கணக்கு, சலவைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் பைசா சுத்தமாக வைத்திருப்பவர்கள் நாம். நம் பெயருக்கு உண்டான இந்தக் கணக்கை மட்டும் யாரோ பார்த்துக் கொள்ளட்டும் என்று விடலாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கடை முடிந்ததும், ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மார்க் நன்றாக இருந்தால் சந்தோஷம். குறைவாக இருந்தால், எங்கே குறைந்தது என்பதாவது தெரிந்து விடும். திங்கட்கிழமை எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்து விடும்.